சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பாட்டில்

"ஒரு ஆளைக் காணோம் சார். ஆனா அவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்று ஆரம்பித்தார் டெய்லர்.

ஜன்னலோரம் நகம் வெட்டிக்கொண்டிருந்த ஏலம் நிமிர்ந்தாள்.

"பார்க்காத ஆளைக் காணோம்னு எப்படிய்யா சொல்றீங்க? எனக்கும்தான் ஒரு கோடீஸ்வர மாப்பிள்ளையை இத்தனை வருஷமாக் காணோம். நான் யாருகிட்டப் போய்ப் புகார் கொடுக்கறது?"

மேஜைக்குப் பின்னால் இருந்த தராசு ஒரு விரலை உயர்த்தினார். ஏலம் வாயை மூடினாள். முழுக்க மூடவில்லை, முக்கால்வாசி.

தராசு என்பது ஊர் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்துச் சேதம் மதிப்பிட்டவர். இது தானாகப் பிடித்த தீயா, முதலாளி பிடிக்க வைத்த தீயா என்று சாம்பலைப் பார்த்தே நிறுத்துச் சொல்வார். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்ததும், மொத்த மார்க்கெட்டில் பழக்கூடைகளுக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தவளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அவர் அவளை உதவியாளர் என்பார். அவளோ, "இந்தக் கம்பெனியில பாதி நான், மீதிப் பாதி அண்ணனோட மூக்குக்கண்ணாடி" என்பாள்.

கூடைக்குள் கை விடாமலே அடியில் அழுகல் இருக்கிறதா என்று சொல்லும் கண் அவளுக்கு. அந்தக் கண்ணால் டெய்லரை எடை போட்டாள். அளவெடுக்கும் டேப் இன்னும் கழுத்தில் தொங்குகிறது, கழற்றிவைக்க நேரமில்லாமல் ஓடிவந்திருக்கிறார். சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கின்றன. ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிற மனிதர் தன் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தால், வீட்டில் விஷயம் பெரிது.

"யாரு அந்த ஆளு?" என்றார் தராசு.

"மழைக்கோட்டு."

"நாங்க துணிமணி தேடறதில்லையே" என்றாள் ஏலம்.

"பேரே அதுதான்க்கா. நிஜப் பேரு தெரியாது. மூணு பாட்டில் மருந்து வச்சிருக்காரு. என் பொண்ணுக்குத் தரேன்னு சொன்னாரு. ராத்திரி விலாசம் அனுப்பறேன்னாரு. அந்த ராத்திரியிலேருந்து ஆளைக் காணோம்."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். பெண்ணுக்கு ஆறு வயது. வலிப்பு. எத்தனையோ மருந்து கொடுத்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கேட்டது. அதைத் தயாரித்த கம்பெனி இப்போது தயாரிப்பதில்லை. கடைகளில் இல்லை. டாக்டர் வேறு எதையோ எழுதிக் கொடுத்தார், அது அவள் உடம்புக்கு ஆகவில்லை.

"அளவைப் பாதியாக் குறைச்சு ஊத்தியும், வீட்டுல இருக்கற பாட்டில்ல அடியில ஒரு கோடு மட்டும்தான் இருக்கு. நாளைக் காலையில ஊத்தினா முடிஞ்சுது. போன தடவை மருந்து இல்லாமப்போனப்போ ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சவ, என்னைப் பார்த்து ‘நீங்க யாரு’ன்னு கேட்டா சார்."

ஏலம் நகவெட்டியைப் பைக்குள் போட்டாள்.

"மழைக்கோட்டை எங்கே பிடிச்சீங்க?" என்றார் தராசு.

"முதல்ல எல்லாருமே, ஊரே அரட்டை அடிக்கற ஒரு பெரிய கம்பெனியோட இணையதளத்துலதான் இருந்தோம். வலிப்புக் குழந்தைகளைப் பெத்தவங்க. யாருக்காவது மருந்து மிச்சமானா இல்லாதவங்களுக்குக் கொடுப்போம். ஒருநாள் கம்பெனியோட மிஷின் எங்களைப் பார்த்து, போதை மருந்து விக்கிற கும்பல்னு முடிவு பண்ணிக் கூண்டோட தூக்கி வெளியே போட்டுடுச்சு. முறையிட்டா அதுக்கும் மிஷினே பதில் சொல்லுது. அப்புறம்தான் இந்தச் சின்ன வீடுகளுக்குக் குடிமாறினோம்."

"வீடா?"

"சர்வரைத்தான் நாங்க வீடுன்னு சொல்வோம். ஊரு பூரா நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் சொந்தச் செலவுல நடத்தறாரு. பிடிச்ச வீட்டுல குடியேறலாம். ஆனா எல்லா வீட்டுக்காரங்களோடவும் பேசலாம். விளம்பரம் கிடையாது, உளவு கிடையாது, முதலாளி கிடையாது."

"முதலாளி இல்லாத சந்தை" என்றாள் ஏலம். "அதட்ட ஆளில்லை."

"ஆமாக்கா. அதுதான் நிம்மதி."

"எடைக்கல்லைத் தூக்கிட்டு எவனாவது ஓடினா, அதைக் கேக்கவும் ஆளில்லைய்யா."

டெய்லரின் கண்ணில் நீர் முட்டியது. ஏலத்துக்குத் தன் நாக்கின் மேலேயே கோபம் வந்தது.

தராசு அதற்குள் டெய்லரின் போனைக் கையில் எடுத்திருந்தார். விரலகலத் திரை, அதிலும் குறுக்கே ஒரு கீறல். உரையாடலில் டெய்லர் எழுதியவை மட்டும் இருந்தன. ‘ரொம்ப நன்றிங்க.’ ‘எங்கே வரணும்?’ ‘ராத்திரி சொல்றேன்னீங்களே?’ ‘இருக்கீங்களா?’ பக்கத்து அறையில் ஒருவர் போனில் பேசுவதைக் கேட்பதுபோல, பாதிப் பேச்சு. எதிர்ப்பாதி துடைத்து எடுத்த மாதிரி இருந்தது.

"ஏமாத்திட்டுக் கணக்கை மூடிட்டான் சார். வேற எவனோ அதிகமாக் கேட்டிருப்பான், அவனுக்குக் கொடுத்திருப்பான்."

"மூடறவன் தன் கதவை மட்டும்தானே மூடுவான்?" தராசு திரையை மேலே தள்ளினார். "இங்கே ‘கொசுவலை’ங்கறவருக்குப் பதில் எழுதியிருக்கீங்க. கொசுவலை எங்கே? இங்கே ‘சைக்கிள்செயின்’. அவரும் இல்லை. மத்தவங்க எல்லாம் பத்திரமா இருக்காங்க. ஏலம், ஒருத்தர் காணாமப்போனா என்ன பண்ணுவோம்?"

"ஆளைத் தேடுவோம்."

"மூணு பேர் ஒரே ராத்திரியில காணாமப்போனா?"

"தெருவைத் தேடணும்ண்ணே."

தராசு, டெய்லரின் பழைய பதில் ஒன்றில் இருந்த மழைக்கோட்டின் பெயரைத் தொட்டார். அடங்கிக் கிடந்த பெயருக்கு ஒரு வால் முளைத்தது: மழைக்கோட்டு, வீடு ‘கூரை’. கொசுவலையைத் தொட்டார், அதே கூரை. சைக்கிள்செயின், கூரை.

ஏலம் தன் போனில் கூரை வீட்டின் முகப்பைத் திறந்தாள். ஆட்கள் வழக்கம்போல அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் காலுறை காணவில்லை என்று ஒரு பாராவே எழுதியிருந்தார்.

"கூரை எரியலைண்ணே. ஒழுகக்கூட இல்லை."

"அப்போ யாரோ நடுவுல சுவர் வச்சுத் தடுத்திருக்காங்க" என்றார் தராசு. "டெய்லர் சார், நீங்க எந்த வீட்டுல குடியிருக்கீங்க?"

"தாழ்வாரம். வீட்டுக்காரர் இதே ஊர்தான். ஒண்ணுன்னா நேர்ல போய்ப் பார்க்கலாமேன்னுதான் அதுல சேர்ந்தேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. எழுந்திருங்க."

*

தாழ்வாரத்து வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில் அவருடைய பட்டறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள், மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைக் கடைவாய். வேலைமேஜையில் இளஞ்சிவப்பு ஈறுகள் ஈரத்தோடு பளபளத்தன.

"இத்தனை வாய் இருந்தும் ஒண்ணுகூடப் பேசலை" என்றாள் ஏலம். "எங்க மார்க்கெட்டுல இப்படி ஒரு நாள் வாய்ச்சதில்லை."

மேஜைக்கு அடியில் திரை கழன்ற பழைய லேப்டாப் ஒன்று, மேலே சின்ன மின்விசிறியோடு முனகிக்கொண்டிருந்தது. அதுதான் தாழ்வாரம். அத்தனை குடும்பங்களின் அழுகையும் ஆறுதலும் அந்தத் தகரப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

பல்செட்டுக்காரர் முகமூடியைக் கீழே இழுத்தார். தூங்காத கண்கள். விஷயத்தைக் கேட்டதும் ஒளித்துப் பேசவில்லை.

"சுவர் போட்டது நான்தான். போடச் சொன்னது நான் இல்லை சார். எங்க வீட்டுல எதுவானாலும் ஓட்டு. தாழ்வாரத்துல குடியிருக்கற ஒரு அம்மாவுக்குக் கூரையிலேருந்து ஒரு ஆளு தினம் விடியக்காலையில எழுதிக்கிட்டே இருந்தான். ‘பையன் எப்படி இருக்கான்? ராத்திரி தூங்கினானா? எத்தனை மணிக்கு மருந்து கொடுக்கறீங்க?’ அந்தம்மா பதிலே போடலை. அவனும் விடலை. ஏற்கெனவே புருஷன் வீட்டுக்குப் பயந்து குழந்தையோட ஊர் மாறி வந்தவங்க அவங்க. நடுங்கிப்போயிட்டாங்க."

"கேக்கவே முதுகு சில்லுங்குது" என்றாள் ஏலம். "அவனை மட்டும் வெளியே தள்ளிட வேண்டியதுதானே?"

"தள்ளுங்கன்னு கூரைக்காரங்ககிட்டச் சொன்னோம். ‘அவங்க ரொம்ப நல்லவங்க, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க’ன்னு மறுத்துட்டாங்க. இன்னிக்கு ஒரு பேருல தடுத்தா நாளைக்கு அங்கேயே வேற பேருல வருவான். அதான் வீட்டையே தடுக்கறதுன்னு ஓட்டுக்கு விட்டேன்."

தராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மருந்து எத்தனை மணிக்குன்னா கேட்டான்?"

"ஆமா. ஏன் சார்?"

"ஒண்ணுமில்லை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"யாரு சார் அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க" என்றாள் ஏலம்.

"சொல்ல மாட்டேன்மா. புகார் கொடுத்தவங்க பேரும் வெளியே வராது. அந்த நம்பிக்கையிலதான் எல்லாரும் இங்கே இருக்காங்க."

அதுவரை வாசலில் நின்ற டெய்லர் பாய்ந்து வந்தார். "ஒருத்தன் பண்ணின தப்புக்கு அத்தனை பேர் வாசலையும் அடைப்பீங்களா? அங்கேதான் என் பொண்ணோட உசுரு இருக்கு. அந்தச் சுவருக்குக் கை தூக்கின பாவி எவன்யா?"

பல்செட்டுக்காரர் அவரையே பார்த்தார். கழுத்து டேப்பைப் பார்த்தார்.

"நீங்கதானே ஊசிநூல்?"

"ஆமா."

"முதல் கை உங்களோடதுதான் சார்."

பல்செட்டுக்காரர் முகமூடியை முழுக்கக் கழற்றினார்.

"‘பயந்து பயந்து ஒரு பொம்பளை இருக்கணும்னா, அதுக்குப் பேரு வீடா’ன்னு எழுதினீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் தயங்கிக்கிட்டிருந்தவங்களும் கை தூக்கினாங்க. நல்லா எழுதியிருந்தீங்க சார். நான் பெருமையா நினைச்சேன்."

டெய்லரின் கை, பிடிமானம் தேடி அலமாரியைத் தொட்டது. ஒரு கீழ்த்தாடை உருண்டு விழுந்து இரண்டாகப் போயிற்று. யாரும் குனியவில்லை.

"என் போன்ல பேரு மட்டும்தான் தெரியும்" என்றார் டெய்லர், தனக்குத் தானே. "வால் தெரியாது. மழைக்கோட்டு எந்த வீடுன்னு நான் பார்த்ததே இல்லை. நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"சுவரை இப்பவே இடிச்சா?" என்றாள் ஏலம்.

"ஓட்டு இல்லாம இடிச்சா அந்தம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு போச்சு. அதோட, இடிச்சும் பிரயோஜனம் இல்லை. சுவர் எழும்பின நிமிஷமே இவருக்கும் மழைக்கோட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோச்சு. சுவரை எடுத்தாலும் அது தானா ஒட்டாது. இவரு இனிமே அவங்களுக்கு முன்பின் தெரியாத ஆளு."

ஏலத்துக்கு அது புரிந்தது. வரும் வழியிலேயே மூன்றாவதாக ஒரு வீட்டில் கணக்குத் திறந்து மழைக்கோட்டின் கதவைத் தட்டிப் பார்த்திருந்தாள். ‘அறிமுகம் இல்லாதவர்களின் கடிதங்கள் ஏற்கப்படுவதில்லை’ என்று பதில் வந்திருந்தது. பெரிய கம்பெனியாக இருந்தால் மிஷினோடாவது சண்டை போடலாம். இங்கே எல்லாருமே நல்லவர்கள். யார் சட்டையைப் பிடிப்பது?

சந்துக்கு வந்ததும் டெய்லர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கு போன் செய்ய எண்ணை எடுத்தார், செய்யாமல் வைத்தார்.

"அண்ணே" என்றாள் ஏலம், அவளுக்குப் பழக்கமில்லாத மெல்லிய குரலில். "கூடை காலின்னு சொல்லிடாதீங்க."

தராசு அவள் போனைக் கேட்டு வாங்கினார். "வெளியாளுக்குக் கடிதம்தானே எழுத முடியாது? வாசலைப் பார்க்கலாமில்ல?"

மழைக்கோட்டின் பக்கம் யாரும் பார்க்கும்படி திறந்துதான் இருந்தது. அத்தனையும் பூனை. சாம்பல் நிறப் பூனையின் முகம், காது, மீசை. படத்தை முழுக்க அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. பின்னணி வெறும் கலங்கல்.

"உஷாரான ஆளு. பூனை முதுகுக்குப் பின்னால ஊரையே மறைச்சுட்டாரு" என்றாள் ஏலம்.

"ஒவ்வொரு படத்து மூலையிலயும் சின்னதா ஒரு அடையாளம் இருக்கே, அது என்ன?"

டெய்லர் எட்டிப் பார்த்தார். "அது விவரக்குறிப்பு சார். கண் தெரியாதவங்களும் எங்களோட இருக்காங்க. படம் போட்டா அதுல என்ன இருக்குன்னு எழுதிவைக்கணும். போன் அவங்களுக்குப் படிச்சுக் காட்டும். எல்லா வீட்டுலயும் அது மரியாதை."

"ஏலம், படிச்சுக் காட்டச் சொல்லு."

அவள் அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து ஒரு இயந்திரக் குரல் படித்தது:

‘சாம்பல் நிறப் பூனை ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கீழே பார்க்கிறது. கீழே எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் பச்சை அங்கிகள் வரிசையாகக் காய்கின்றன. எல்லாம் ஒரே அளவு. முதுகுப்பக்கம் திறந்து நாடா வைத்தவை.’

அடுத்தது: ‘பூனை தூங்குகிறது. அதன் மேல் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு விழுகிறது. கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை இப்படித்தான்.’

"அடேங்கப்பா!" என்றாள் ஏலம். "கேமரா மறைச்சதையெல்லாம் எழுத்து உளறியிருக்கே!"

"உளறல் இல்லை. நேர்மை" என்றார் தராசு. "கண் தெரியாதவனை ஏமாத்த மனசு வரலை. ஜன்னல்ல என்ன தெரிஞ்சுதோ அதை அப்படியே எழுதியிருக்காரு. சரி, முதுகு திறந்த பச்சை அங்கி?"

"ஆபரேஷன் பண்றவங்க போடறது சார்" என்றார் டெய்லர், எழுந்து நின்றுவிட்டார்.

"அதை மொத்தமாத் துவைக்கிற லாண்டரி கூட்ஸ் யார்டு கேட்டுகிட்ட இருக்கு" என்றாள் ஏலம். "என் பழ லாரியெல்லாம் அந்தக் கேட்டுலதான் மாட்டிக்கிட்டு நிக்கும். நான் திட்டாத திட்டில்லை."

"மொட்டைமாடியைக் கீழே பார்க்கறாருன்னா, எதிர்க் கட்டடத்துல அதைவிட உசரமான மாடி. கடைசியாப் போட்டது என்ன?"

அன்று காலையில் போட்ட படம். குரல் படித்தது:

‘பூனைக்கு அட்டைப்பெட்டி பிடித்திருக்கிறது. மற்ற சாமான்கள் எல்லாம் கட்டியாகிவிட்டன. மத்தியானம் லாரி வரும்.’

மூவரும் ஒரே நேரத்தில் ஆட்டோவுக்குக் கை நீட்டினார்கள்.

*

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டெய்லர் ஆட்டோவிலிருந்து இறங்கி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கூண்டுப் புலிபோல நடந்தார். அந்தப் பக்கம், லாண்டரிக்கு எதிரே ஒரு உயரமான கட்டடத்தின் வாசலில், பாதி ஏற்றிய லாரி நின்றது.

கேட் திறந்து, அந்தக் கட்டடத்துப் படி ஏறும்போது டெய்லரின் போன் அடித்தது. மனைவி. இரண்டே வாக்கியம் கேட்டார். "இதோ வரேன்" என்றார்.

"என்னவாம்?" என்றாள் ஏலம்.

"விரல் துடிக்குதாம். பெருசா வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான்க்கா."

மேல்மாடியில் கதவு திறந்திருந்தது. காலி அறை. கட்டிய பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் சாம்பல் நிறப் பூனை. சுவரில் ஒரே ஒரு ஆணி, அதில் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று. டெய்லரின் கண் தன் பழக்கத்தில் அதை அளந்தது. பெரியவர்களுடையது இல்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைத்தது.

சமையலறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்கள் போடும் நீலச் சட்டை. கையில் மூடி திறக்காத மருந்து பாட்டில்.

"யாரு நீங்க?"

"ஊசிநூல்" என்றார் டெய்லர்.

அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சுவரைப் போட்டுட்டு, ஏறிக் குதிச்சு வேற வந்தீங்களா தம்பி?"

"மருந்து கொடுங்கம்மா. குழந்தைக்கு விரல் துடிக்க ஆரம்பிச்சிருச்சு."

"தர மாட்டேன். இதைக் கொட்டிட்டுத்தான் லாரி ஏறப்போறேன்."

ஏலம் குறுக்கே புகுந்தாள். ஒரு காலத்தில் இந்த நாக்கால் விற்காத பொருள் இல்லை, வாங்காத பொருள் இல்லை. "அம்மா, கொட்டறதை எங்க கையில கொட்டுங்க. என்ன வேணும் உங்களுக்கு? மன்னிப்பா? இவரு காலுல விழுவாரு. பணமா? சொல்லுங்க. லாரிக்கு ஆளா? நானே பெட்டி தூக்கறேன். எதுக்கும் ஒரு விலை இருக்கும்மா."

"இதுக்கு இல்லைம்மா" என்று அந்த அம்மாள் சமையலறைத் தொட்டியை நோக்கித் திரும்பினாள். அங்கே இன்னும் இரண்டு பாட்டில்கள் இருந்தன.

"தாழ்வாரத்து அம்மாகிட்டத் தினம் விடியக்காலையில பையனை விசாரிச்சது நீங்கதானே?" என்றார் தராசு.

அவள் நின்றாள். ஏலம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே சொல்றீங்க? அந்தப் பொறுக்கியா?"

"குழந்தையைத் தூக்க நினைக்கறவன் ஸ்கூல் எங்கேன்னு கேப்பான், வீடு எங்கேன்னு கேப்பான். மருந்து எத்தனை மணிக்குன்னு கேக்க மாட்டான் ஏலம். அதைக் கேக்கறது அந்த மருந்தைக் கொடுத்த ஆளு." தராசு குரலைத் தணித்தார். "அம்மா, எதைத் தெரிஞ்சுக்க அத்தனை நாள் கேட்டீங்க?"

கீழே லாரி ஹாரன் அடித்தது. அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரே பெட்டியில அஞ்சு பாட்டில் வந்துது. வந்த வாரம் இங்கே கரன்ட் இல்லை. பெட்டி ஜன்னலோரம் வெயில்ல கிடந்து கொதிச்சிருக்கு. நான் டியூட்டியில இருந்தேன், கவனிக்கலை. முதல் பாட்டிலைப் பையனுக்குத் திறந்தேன். பாட்டில் முடியறதுக்கு முன்னாடி அவன் முடிஞ்சுட்டான்." ஆணியைப் பார்த்தாள். "வியாதியா, நான் ஊத்தின கெட்ட மருந்தான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு."

கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்புறம் தீப்பெட்டின்னு ஒரு பொண்ணு, பையன் துடிக்கிறான், மருந்து இல்லைன்னு எழுதிச்சு. மனசு கேக்கலை. ஒரு கடையில ஒரு பாட்டிலைக் கொடுத்துவச்சு எடுத்துக்கச் சொன்னேன். அது எடுத்துக்கிட்டுப் போன அப்புறம்தான் அந்த வெயில் பயம் மறுபடி என்னைப் பிடிச்சுக்கிச்சு. அதான் தினம் கேட்டேன். ஏன் கேக்கறேன்னு எப்படி எழுதுவேன்? ‘இதைக் குடிச்சுத்தான் என் பையன் போனான், உங்க பையன் இருக்கானா’ன்னு எழுதவா? நீங்க கேட்டப்போ தம்பி, அந்தப் பொண்ணு பதில் சொன்னதும் அன்னிக்கு ராத்திரியே உங்களுக்கு விலாசம் கொடுத்துடலாம்னு இருந்தேன். பதில் வரலை. சுவர்தான் வந்துது."

ஏலத்துக்கு அப்போதுதான் முழுக் கணக்கும் விளங்கியது. மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பெண். அவளிடம் கேட்கக்கூடிய ஒரே வழியை அடைத்தாகிவிட்டது. அடைத்தவர்களில் முதல் ஆள், இதோ, மருந்து கேட்டு நிற்கிறார்.

"தீப்பெட்டி எங்க தாழ்வாரத்துலதான் இருக்காங்க" என்றார் டெய்லர். போனை எடுத்தார். "நான் கேக்கறேன்."

"மழைக்கோட்டு பேரை எடுக்காதீங்க. மிரண்டு ஓடிடும்" என்றாள் ஏலம். "பையனுக்கு சட்டை அளவு வேணும்னு ஏதாவது சொல்லி மெதுவா..."

டெய்லர் தலையாட்டினார், இல்லை என்று. தரையில் உட்கார்ந்து கீறல் விழுந்த திரையில் எழுதினார். ஏலம் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

‘நான் ஊசிநூல். உங்களுக்காக முதல்ல கை தூக்கினவன். நாம பயந்த ஆள் எதிர்ல நிக்கறாங்க. அவங்க ஒரு அம்மா. உங்களுக்கு மருந்து கொடுத்தவங்க. அதே மருந்து வெயில்ல இருந்துதாம். கெட்டுப்போயிருந்தா என் பொண்ணுக்குக் கொடுக்க முடியாது. உங்க பையன் எப்படி இருக்கான்? ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்க.’

அனுப்பினார்.

கேட் மறுபடி மூடித் திறக்கும் மணி அடித்தது. லாரிக்காரன் கீழிருந்து கத்தினான். பூனை பெட்டியை விட்டு இறங்கி, அறையைச் சுற்றிவிட்டு, மறுபடி பெட்டிக்குள் ஏறியது. மனைவி மீண்டும் கூப்பிட்டாள். டெய்லர் எடுத்துக் கேட்டுவிட்டு, "மடியில சாய்ச்சு வச்சுக்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

திரை ஒளிர்ந்தது.

அவர் பார்த்தார். படிக்கவில்லை. போனை ஏலத்திடம் நீட்டினார். "நீங்க படிங்கக்கா. என்னால ஆகாது."

மொத்த மார்க்கெட்டின் அத்தனை இரைச்சலையும் அடக்கிய தொண்டை ஒரு தரம் செருமிக்கொண்டது.

"‘மன்னிச்சுக்கங்க. மருந்தைக் கொடுத்து என்னைப் பிடிக்கப் பார்க்கறாங்க, புருஷன் வீட்டு வேலைன்னு நினைச்சு பயந்துட்டேன். அந்த மருந்து ஆரம்பிச்சதுலேருந்து பையனுக்கு ஒரு தடவைகூட வரலை. இப்போ கீழே சைக்கிள் ஓட்டிக்கிட்டிருக்கான். கூப்பிட்டா வர மாட்டேங்கறான். அவங்ககிட்டச் சொல்லுங்க.’"

டெய்லர் எழுந்த வேகத்தில் ஒரு பெட்டி சாய்ந்தது. அந்த அம்மாள் மூன்று பாட்டில்களையும் அவர் கைகளில் திணித்தாள்.

"போற வழியில டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லிட்டுக் கொடுங்க" என்றார் தராசு.

டெய்லர் வாசலில் ஒரு கணம் நின்றார். "அம்மா, அந்தச் சுவரு... நான்தான் முதல்ல..."

"ஓடுங்க தம்பி!"

படிகளில் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கி, தெருவில் கரைந்தது.

அறையில் மூவர் மிஞ்சினார்கள். அந்த அம்மாள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்போ அது நல்ல மருந்து" என்றாள்.

"நல்ல மருந்துதாம்மா" என்றார் தராசு.

"வெயில்ல கெட்டுப்போகலை."

"கெட்டுப்போகலை."

அவள் தன் வலது கையை விரித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள், மறுபடி உள்ளங்கை. யாரோ ரொம்ப நாள் வாங்கிவைத்திருந்து இப்போதுதான் திருப்பித் தந்ததுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் மெல்லத்தான் கிளம்பியது.

லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஏலம் ஜன்னலுக்குப் போனாள், பூனையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டி, கூட்ஸ் யார்டு முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"வண்டியை ஓரங்கட்டுய்யா! அம்மா வர நேரமாகும்!"